எல்லாம் குலைந்த பிறகு எங்கே தொடங்குவது? உளவளத்துணைக் கேள்வி பதில்

கேள்வி (கொழும்பு, வெள்ளவத்தை): மிஸ், ஒரு இறக்குமதிக் கம்பனியில் 22 வருடம் கணக்குப் பார்த்தேன். ஆட்குறைப்பில் வேலை போய் மூன்று மாதம். வயது 48. பகல் முழுக்கக் கட்டிலில்தான். இனி நான் எதற்குப் பிரயோசனம் என்றே விளங்கவில்லை.

பதில்: அண்ணா, அந்தப் பெரிய கேள்வியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். கட்டிலில் கிடந்து யோசித்தால் விடை வராது. முதலில் ஒவ்வொரு நாளையும் ஒழுங்காக்குவோம்.

80 பக்கக் கொப்பி ஒன்றில் மூன்று நிரல் கீறுங்கள்: நேரம், செய்த வேலை, அப்போதைய மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு புள்ளி. முதல் கிழமை எதையும் மாற்ற வேண்டாம்; மணித்தியாலத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். கிழமை முடிய, புள்ளி கூடின வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். மீன் வாங்கப் போனது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது என்று சின்ன விடயங்கள்தான் அகப்படும். அதில் இரண்டை அடுத்த கிழமைக்கு நாளும் மணியும் குறித்துச் செய்யுங்கள். எழும்பும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது.

பலர் பிழைவிடுவது இங்கேதான்: மனம் வந்தால் செய்வோம் என்று காத்திருப்பார்கள். சோர்ந்த மனம் செய்த பிறகுதான் மெல்ல அசையும். முதல் நாளே ஒரு மணித்தியாலம் நடந்து, மறுநாள் களைத்துப்போய் விட்டுவிடுவது அடுத்த பிழை. கடற்கரையில் பத்து நிமிடம் நடந்தால் போதும்.

காசுக் கவலை தலையில் இருக்கும்வரை இது ஒன்றும் நிற்காது. ஊழியர் சேமலாப நிதி ஆண்களுக்குப் பொதுவாக 55 வயதில்தான் கைக்கு வரும். ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டு நின்றதும் எடுக்கலாம். முன்பு எடுத்திருந்தால் ஐந்து வருடம் கழிந்திருக்க வேண்டும். இந்தக் கிழமையே விண்ணப்பியுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): 2022 பொருளாதார நெருக்கடியில் கடையை மூடினோம். அடுத்த வருடம் கணவரும் போய்விட்டார். "இதிலும் ஒரு நன்மை இருக்கும்" என்று சொந்தக்காரர் சொல்லச் சொல்ல எரிச்சல் வருகிறது.

பதில்: எரிச்சல் வருவது நியாயம், அக்கா. துயரத்துக்குப் பிந்திய வளர்ச்சியை ஆராய்ந்த டெடெஸ்கி, கல்ஹூன் என்ற உளவியலாளர்கள் இழப்பை நன்மை என்று சொல்லவேயில்லை. இழப்போடு மல்லுக்கட்டும்போது சிலரிடம் மாற்றம் வரலாம், துக்கமும் கூடவே இருக்கும் என்றுதான் சொன்னார்கள். வளர்ந்தே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை.

கேள்வி (தெமட்டகொட): மனதில் உள்ளதை எழுதினால் பாரம் குறையுமா?

பதில்: பலருக்குக் குறையும். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் பரிசோதித்த முறை இது: நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், எழுத்துப்பிழை பாராமல். முடிந்ததும் கிழித்தும் போடலாம். எழுதின உடனே கொஞ்சம் கவலை கூடும், அது தணியும். ஆனால் சம்பவம் நடந்து சில நாள்தான் என்றால் வேண்டாம். எழுதி முடித்து இரவு நித்திரையும் போனால் நிறுத்துங்கள்.

கேள்வி (மட்டக்குளி): எட்டு வருடம் வயரிங் வேலை செய்கிறேன், சேர்டிபிகேட் ஒன்றும் இல்லை. திரும்பப் படிக்க வேணுமா?

பதில்: தேவையில்லை, தம்பி. வேலை அனுபவத்தை மதிப்பிட்டே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிற வழி இருக்கிறது. என்விகியூ என்று கேளுங்கள். செய்த வேலையின் படங்கள், வேலை தந்தவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு பைலில் சேருங்கள். மதிப்பீட்டாளர் செய்தும் காட்டச் சொல்வார். கடிதத்தில் திகதியும் செய்த வேலையின் விபரமும் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி (பெயர், இடம் வேண்டாம்): செத்துப்போகலாம் போல இருக்கிறது.

பதில்: இப்போதே 1926 ஐ அழையுங்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். இதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள், இன்றிரவு தனியாக இருக்க வேண்டாம்.