அனல்மின் நிலையத்தில் பொறியாளராகச் சேர்ந்தால் மனநிறைவு கிடைக்குமா?

அனல்மின் நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் சூரிய மின்சாரம், காற்றாலை என்று உலகம் திரும்பிக்கொண்டிருக்கும்போது அதில் சேர்ந்தால் பின்னால் வருந்த நேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துறையில் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். நீங்கள் எடுக்கும் முடிவின் விளைவை நீங்களே கண்ணால் காணும்படியான பணி அமைந்தால் எரிபொருள் எதுவானாலும் நிறைவு கிடைக்கும். அப்படி அமையாவிட்டால் காற்றாலை நிறுவனத்திலும் சலிப்புதான் மிஞ்சும்.

மின் நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் மின்தொகுப்பில் (கிரிட்) உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். சற்றே பிசகினாலும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் ஏறவோ இறங்கவோ தொடங்கிவிடும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உயர் அழுத்த மின்பாதைகள் மரங்களில் பட்டுத் துண்டிக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் செயலிழந்திருந்ததால் நிலைமை உரிய நேரத்தில் தெரியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறக்குறைய 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். மரம் கழிப்பதும் மென்பொருளைச் சரிபார்ப்பதும் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத வேலைகள் என்பதை இங்கே கவனியுங்கள்.

என் அனுபவத்திலிருந்து ஒன்று. மின்மாற்றியின் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை அவ்வப்போது ஆய்வுக்கு அனுப்புவோம். கண்ணாடி ஊசிக்குழலில் காற்றுக் குமிழி நுழையாதபடி எண்ணெயை எடுக்க வேண்டும். எத்திலின் கூடினால் உள்ளே எங்கோ அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். அசிட்டிலின் தென்பட்டால் மின்பொறி பறக்கிறதோ என்று அஞ்ச வேண்டும். ஒரு முறை அதுவரை இல்லாத அசிட்டிலின் அறிக்கையில் வந்தது. வெளியே சத்தமோ சூடோ எதுவும் இல்லை. மின்மாற்றியை நிறுத்த வேண்டும் என்று வாதாடி, ஒருவழியாக அனுமதி பெற்றுத் திறந்து பார்த்தபோது, தளர்ந்துபோன ஓர் இணைப்பு கருகிக் கிடந்தது. மின்தடை ஏற்படவே இல்லை என்பதால் வெளியில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்தக் கருகிய இணைப்பைக் கையில் வாங்கிப் பார்த்தபோது உண்டான நிறைவு எந்தப் பாராட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அனல்மின் நிலையத்தில் கற்பது வீணாகும் என்றும் அஞ்ச வேண்டாம். ஜெனரேட்டர், பழுதை உணர்ந்து மின்சுற்றைத் துண்டிக்கச் செய்யும் ரிலே, மின்சாரத்தைத் தொகுப்புக்கு அனுப்பும் ஸ்விட்ச்யார்டு ஆகியவை பற்றிய அறிவு எங்கும் தேவைப்படுகிறது. சூரிய மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக வருவதால், கனத்த சுழலிகள் தொகுப்புக்குத் தந்துவந்த நிலைமம், அதாவது அதிர்வெண் சட்டென மாறாமல் தாங்கும் தன்மை, குறைகிறது. அதை ஈடுசெய்யச் சில இடங்களில் மூடப்பட்ட அனல்மின் நிலையங்களின் ஜெனரேட்டர்களையே, எரிபொருள் இல்லாமல், தொகுப்போடு இணைத்துச் சுழலவிடுகிறார்கள். பழைய இயந்திரத்தை அறிந்தவர்கள்தாம் அந்த மாற்றத்தைச் செய்து தருகிறார்கள். ஆயினும் நிலக்கரியை எரிப்பதே உங்கள் மனச்சாட்சியை உறுத்துமானால் சேராதீர்கள். அந்த உறுத்தல் சம்பளத்தால் அடங்குவதில்லை.

சேருமுன் அங்கே பணிபுரிபவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதல் சில ஆண்டுகள் இயந்திரத்தின் அருகில் இருப்பேனா, டெண்டர் கோப்புகளோடு இருப்பேனா? பாதுகாப்பில் ஐயம் எழுந்தால், வேலையை நிறுத்தும்படி சொல்ல இளநிலைப் பொறியாளருக்கு அங்கே உரிமை உண்டா? இரண்டாவது கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் வந்தால், ஊதியம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் நான் அங்கே சேர மாட்டேன்.