தேயிலையில் பூச்சி, களை மருந்து எச்சம்: ஆய்வுகூடப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஹட்டன்): மிஸ், கரைப்பானில் போட்ட ஸ்டாண்டர்டுக்கு (அளவு தெரிஞ்ச மருந்துக்கு) திரையில் நல்ல பீக் (மேடு) வருது. அதே அளவைத் தேயிலைச் சாற்றில் கலந்தா பாதிகூட வரல்ல. மெஷினை சேர்விஸ் பண்ணச் சொல்லவா?

மெஷின் பாவம், விடுங்க. அது சாற்றைக் கொலம்ங்கிற குழாயில் பிரிச்சு, ஊசி முனையில் துளியாத் தெறிக்க வைச்சு, அயனா (மின்னேற்றத்தோட) மாறின மூலக்கூறுகளை மட்டும்தான் எண்ணும். ஊசி முனையிலிருந்து தெறிக்கிற துளியில் உங்க மருந்து மட்டும் இல்லையே. கஃபீன், கேட்டகின், பச்சையம் எல்லாம் அதே துளியில்தான் இருக்கு, மருந்தைவிடப் பல்லாயிரம் மடங்கு கூடுதலா. பின்னேர ஹட்டன் பஸ் மாதிரித்தான். கதவடியில் நிக்கிற கூட்டம் ஏறினா கடைசியில் வர்றவருக்கு இடமில்ல. மருந்து அயனாக மாறாமலே போயிரும்.

எங்க நடக்குதுன்னு கண்ணாலயே பார்க்கலாம். கொலம் முடியிற இடத்தில் ஒரு T வடிவ இணைப்புப் போட்டு, மருந்துக் கரைசலை சிரிஞ்ச் பம்பால் விடாமல் செலுத்துங்க. திரையில் கோடு நேராப் போகும். இப்ப மருந்து இல்லாத தேயிலைச் சாற்றை இன்ஜெக்ட் பண்ணுங்க. கோடு எங்க பள்ளமாகுதோ அங்கதான் தேயிலைச் சாறு மருந்தை அமுக்குது. உங்க மருந்து அந்தப் பள்ளத்தில் வெளிவந்தா கிரேடியன்டை (கொலத்தில் ஓடுற கரைப்பான் கலவை மாறுற விதத்தை) மாத்தி நகர்த்துங்க. 195இல் (அது கஃபீன் அயனின் எடை) கஃபீன் எப்ப வருதுன்னும் பார்த்து வையுங்க.

அதுக்குப் பிறகும் ஸ்டாண்டர்டைத் தேயிலைச் சாற்றில்தான் போடணும். வெற்று மாதிரி (மருந்தே படாத அதே பொருள்) இல்லாமல் வேலையைத் தொடங்காதீங்க. க்ரீன் டீக்கு பி.ஓ.பி. (கறுப்புத் தேயிலை) சாறு ஆகாது.

கேள்வி (தலவாக்கலை): கிளைபோசேட் களைக்கொல்லியையும் இதே ரன்னில் பார்க்கலாமா அக்கா?

முடியாது. அது தண்ணியை விட்டு, நாம சாறு எடுக்கிற கரைப்பானான அசிட்டோநைட்ரைலுக்கு வராது. அமிலம் சேர்த்த மெத்தனோலில் எடுத்துத் தனியா ஓட்டணும்.

கேள்வி (நுவரெலியா): லீக்ஸில் மேன்கோசெப் (பூஞ்சண மருந்து) கூடுதலா காட்டுது. விவசாயி அடிக்கவே இல்லன்னு சத்தியம் பண்றார்.

அவர் சொல்றது உண்மையா இருக்கலாம். அந்தச் சோதனையில் மேன்கோசெப்பை நேரா பார்க்கிறதில்ல. அமிலத்தில் கொதிக்க வைச்சு வர்ற கார்பன் டைசல்பைடைத்தான் அளக்கிறோம். லீக்ஸ், வெங்காயம், கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் தன் கந்தகத்திலிருந்தே அதைக் கொடுக்கும். மருந்தே படாத லீக்ஸை அதே மாதிரிக் கொதிக்க வைச்சுப் பாருங்க. திரும்பவும் சொல்றேன், வெற்று மாதிரி!

கேள்வி (மஸ்கெலியா): பீக் சின்னதா வருது. புது மெஷின் எடுக்கலாமா?

முதல் பதிலைப் படிங்க.

கேள்வி (பண்டாரவளை): சாற்றைத் துடைக்க கிராஃபைட் கார்பன் பொடி போட்டா சாறு தண்ணி மாதிரித் தெளியுது. எல்லா மாதிரிக்கும் போடலாம்தானே?

நிறம் போனதைப் பார்த்து மயங்காதீங்க. தட்டையான மூலக்கூறுகளையும் கார்பன் பிடிச்சு வைக்கும். விறகுப் புகையில் வர்ற ஆந்த்ராகுயினோன் அப்படித்தான். ஐரோப்பாவில் தேயிலையில் அதுக்கு எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். இருக்கிறதைத் துடைச்சிட்டு 'இல்லை'ன்னு ரிப்போர்ட் எழுதுவீங்க.

குறுக்கே (கண்டி): இந்தத் துடைக்கிற வேலையே வேண்டாம் மிஸ். பத்து மடங்கு நீர்த்து நேரா விட்டா அமுக்கமும் போச்சு, இழப்பும் போச்சு.

பண்டாரவளை: உங்ககிட்ட புது மெஷின் இருக்கு, சொல்லுவீங்க.

கணக்குப் போடுவோம். 2 கிராம் தேயிலை, 10 மில்லிலீட்டர் கரைப்பான். பத்து மடங்கு நீர்த்தா மில்லிலீட்டருக்கு 0.02 கிராம் தேயிலை. எம்.சி.பி.ஏ. களைக்கொல்லிக்கு ஜப்பான் எல்லை 0.01 பி.பி.எம்., அதாவது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அந்த எல்லையில் இருக்கிற மாதிரியில் மில்லிலீட்டருக்கு 0.2 நானோகிராம், 5 மைக்ரோலீட்டர் இன்ஜெக்ட் பண்ணினா உள்ளே போறது 1 பிகோகிராம். கண்டித் தம்பியின் மெஷின் பார்க்கும். பண்டாரவளையின் பழசு தடுமாறும். அதனால ரெண்டு பேரும் சரி, ரெண்டு பேரும் மத்தவர் மெஷினை மறந்துட்டுப் பேசுறீங்க.

பண்டாரவளை: அப்ப கார்பன் இல்லாம பி.எஸ்.ஏ. (இன்னொரு துடைப்புப் பொடி) மட்டும் போடுறேன்.

எம்.சி.பி.ஏ.க்கா? ஐயோ, வேண்டாம்! அது அமிலம், பி.எஸ்.ஏ. அமின். ரெண்டும் ஒட்டிக்கும். எம்.சி.பி.ஏ. தேடுற பங்கை பி.எஸ்.ஏ.க்கு முன்னாடியே பிரிச்சு எடுத்து, நெகட்டிவ் மோடில் (எதிர்மின் அயன்களைப் பார்க்கிற முறையில்) ஓட்டுங்க. கஃபீன் தொல்லையும் அங்க குறைவு.

கேள்வி (நானுஓயா): மிஸ், ஸ்டாண்டர்டுக்கு நல்ல பீக், தேயிலையில் மட்டும் பாதி...

முதல் பதில். மேலே இருக்கு.

கேள்வி (ராகலை): தேயிலையைக் கழுவிட்டு டீ போட்டா மருந்து போயிருமா?

அது என் வேலையில்ல தங்கச்சி. எச்சத்தை அளக்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும்.