பார்வை மங்கிய அம்மாவுக்கு டிவி வாசித்துக் காட்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. விழித்திரைக் கோளாறு இருப்பதால் டிவியில் எழுத்துகள் தெரிவதில்லை. அப்பாவுக்குக் காது மந்தம். வீட்டில் ஆண்ட்ராய்டு டிவியும் டிடிஎச் இணைப்பும் உள்ளன. நாங்கள் வேலைக்குப் போன பிறகு இருவரும் தாங்களாகவே டிவி பார்க்க என்ன செய்ய வேண்டும்? (வாசகர், கோத்தகிரி)

பதில்: அம்மாவுக்கு வேண்டியது டாக்பேக் என்னும் வசதி. ரிமோட்டால் எந்தப் பெயருக்கு நகர்ந்தாலும் அதை டிவி வாய்விட்டுச் சொல்லும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்ஸசிபிலிட்டி என்று சென்றால் டாக்பேக் இருக்கும். சில மாடல்களில் இடம் சற்று மாறலாம். அதை இயக்குவதற்கு முன், அதே பக்கத்தில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, குரலைத் தரவிறக்கி, பேசும் வேகத்தையும் குறைத்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் நம் மலையில் இணையம் எத்தனை நாளில் திரும்பும் என்று சொல்ல முடியாது என்பதால், இந்தத் தரவிறக்கத்தை வெயிலடிக்கும் ஒரு நாளில் முடித்துவிடுவது நல்லது. பிறகு இணையம் இல்லாவிட்டாலும் குரல் ஒலிக்கும், மின்சாரம் போய் வந்தாலும் அமைப்புகள் அழியா.

ஆக்ஸசிபிலிட்டி ஷார்ட்கட்டையும் இயக்கிவையுங்கள். பின்செல்லும் பொத்தானையும் கீழ்நோக்கும் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்தினால் குரல் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். அந்த இரண்டின் மேலும் தலா ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டால் அம்மாவின் கட்டைவிரல் அவற்றைத் தடவியே கண்டுகொள்ளும்.

பலரும் ஏமாறும் இடம் டிடிஎச் பெட்டிதான். அதன் சேனல் பட்டியல் டிவிக்கு வெறும் படமாகவே வந்து சேர்வதால் டாக்பேக்கால் அதைப் படிக்க இயலாது. அம்மா விரும்பும் ஐந்தாறு சேனல்களின் எண்களை மனப்பாடம் செய்து நேராக அழுத்துவதே இப்போதைக்கு எளிய வழி. ஆண்ட்ராய்டில் இயங்கும் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஆனால் வாங்குவதற்கு முன் கடையிலேயே டாக்பேக்கை இயக்கி, சேனல் பெயர்களை அது சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

அப்பாவுக்கு கேப்ஷன்ஸ் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணி கொடுக்கலாம். எனினும், நிகழ்ச்சியோடு வசன வரிகள் வந்தால்தான் அவை திரையில் தோன்றும். நம் தமிழ்த் தொடர்கள் பெரும்பாலும் அவை இல்லாமலே ஒளிபரப்பாகின்றன. ஆகவே அவருக்கு ப்ளூடூத் ஹெட்ஃபோனே கூடுதலாக உதவும். பல டிவிகளில் அதை இணைத்ததும் ஸ்பீக்கர் ஊமையாகி, அம்மாவுக்கு ஒன்றும் கேட்காமல் போய்விடும். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒலி வரும் வசதி உங்கள் டிவியின் சவுண்ட் அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், டிவியின் ஆப்டிகல் துளையில் (ஒலியை வெளியே அனுப்பும் துளை) செருகும் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கி, சவுண்ட் அமைப்பில் டிஜிட்டல் ஒலியை பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி வடிவம்) என்று மாற்றிவையுங்கள். அப்பா காதுக்கருவி அணிபவரானால், அதற்கு நேரடியாக ஒலி அனுப்பும் துணைக்கருவி உண்டா என்று அதைப் பொருத்தியவரிடம் முதலில் கேளுங்கள்.