அமெரிக்காவில் அப்பா அம்மாவின் கிரெடிட் கார்டில் பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் என்ன ஆகும்?

பெற்றோரின் கணக்கிலேயே பிள்ளை பெயரில் ஒரு கார்டு வரும். இப்படிச் சேர்க்கப்படுபவரை 'ஆத்தரைஸ்டு யூசர்' என்பார்கள். வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்துக் கொடுப்பது மாதிரிதான்: பிள்ளை தாராளமாக வந்து போகலாம், வாடகை ஒப்பந்தம் மட்டும் அப்பா பெயரில். செலவு யார் செய்தாலும் வங்கிக்குக் கட்ட வேண்டியவர் அப்பாதான்.

ஏன் சேர்க்கிறார்கள்? 2009-இல் வந்த சட்டப்படி, 21 வயது ஆகாதவர் சொந்த வருமானம் காட்டாவிட்டால் தனியாகக் கார்டு வாங்குவது கடினம். கடன் வரலாறு இல்லையென்றால் வாடகைக்கு வீடு பிடிப்பதும் சிரமம். பெயரைச் சேர்த்ததும் அந்தக் கணக்கின் வரலாறு பிள்ளையின் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் (கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் அறிக்கை) ஏறும். எல்லா வங்கிகளும் இந்த விவரத்தை அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புவதில்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நல்லது மட்டுமே ஏறாது. 10,000 டாலர் வரம்பில் அப்பா 9,000 டாலர் பாக்கி வைத்திருந்தால் பிள்ளையின் கிரெடிட் ஸ்கோரும், அதாவது அந்த வரலாற்றை வைத்துப் போடும் மதிப்பெண்ணும், அடி வாங்கும். அப்படி நடந்தால் தயங்காமல் பெயரை நீக்கச் சொல்லுங்கள்.

பிள்ளை அந்தக் கார்டைத் தேய்த்தால்தான் ஸ்கோர் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கார்டு மேஜை டிராயரிலேயே கிடந்தாலும் கணக்கின் வரலாறு பதிவாகும்.