ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டால் பிடரி சூடாகிறதே, டாக்டர்?

கேள்வி: எங்கள் தெருமுனைக் கடையில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் பிடரி சூடாகி, முகம் மரத்து, நெஞ்சு படபடக்கிறது. தங்கை ‘அஜினோமோட்டோதான்’ என்கிறாள். வீட்டுக்காரர் ‘மனப்பிரமை’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மனப்பிரமை என்று நான் சொல்லமாட்டேன் அம்மா. 1968-லேயே ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற டாக்டர், அமெரிக்காவில் சீன உணவகங்களில் சாப்பிட்டால் தனக்குப் பிடரி மரத்து, தளர்ச்சியும் படபடப்பும் வருவதாக ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார். சோயா சாஸ், சமையல் ஒயின், உப்பு என்று பலதையும் அவர் சந்தேகப்பட்டார். கெட்ட பேர் வாங்கியது அஜினோமோட்டோ மட்டும்.

அப்புறம் நடந்த ஆய்வுகளில், சாப்பாடு இல்லாமல் 3 கிராமோ அதற்கு மேலோ கொடுத்தபோது சிலருக்கு இந்தத் தொந்தரவு வந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே போனது. சாப்பாட்டோடு கொடுத்தால் அப்படி உறுதியாக வரவில்லை. பொதுவாக ஒருவேளை உணவில் அரை கிராம்கூட இருக்காது என்பார்கள். ஆனால் ராயபுரத்தில் வாணலிப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாஸ்டர் அளந்தா போடுகிறார்? ஒரு டீஸ்பூனே 4 கிராம் போல வரும். அதோடு உப்பு, சாஸ் வேறு.

எனக்குக் கவலையே வேறு. காசிமேட்டில் வலை பின்னும் ஒருவர், படபடப்பு வரும்போதெல்லாம் அஜினோமோட்டோவைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்தார். அளந்து பார்த்தால் பிரஷர் 180-க்கு 110. அதனால் முதலில் பிரஷர் பாருங்கள், ஒரு ஈசிஜி எடுங்கள். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டு உதடு வீங்கினாலோ உடம்பு தடித்தாலோ, அதில் போடும் இறால் பொடியைச் சந்தேகப்படுங்கள், அது அலர்ஜி. மூச்சு முட்டினாலும், நெஞ்சு வலியோடு வியர்த்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், வீட்டுக்காரரையே வாங்கி வரச் சொல்லுங்கள். ஒருநாள் அஜினோமோட்டோ போட்டது, இன்னொரு நாள் போடாதது. எது எதுவென்று உங்களிடம் மூச்சு விடக் கூடாது. இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்து, உடம்புக்கு என்ன செய்தது என்று குறித்து வையுங்கள். போட்ட நாளில் மட்டும் வந்தால் மாஸ்டரிடம் ‘அஜினோ வேண்டாம்’ என்று சொல்லி வாங்குங்கள். இரண்டிலும் வந்தால் அந்தக் குறிப்போடு என்னை வந்து பாருங்கள்.