கதிர் சிகிச்சை எடுத்தவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா?

தெல்லிப்பழையில் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை முடித்து மூன்று வருடமான உங்கள் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது, பக்கத்துக் கிளினிக்கில் பிடுங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.

கதிர் பட்ட எலும்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கி அடைபடும். கீழ்த்தாடைக்கு இரத்த ஓட்டம் இயல்பாகவே மேல்தாடையை விடக் குறைவு. அதனால் பல் பிடுங்கிய குழி மூடாமல், எலும்பு வெளியே தெரிந்து, அழுகத் தொடங்கலாம். முற்றினால் தாடையே முறியலாம். 60 கிரேக்கு (கிரே என்பது கதிர் அளவின் அலகு) மேல் கதிர் பட்ட இடத்தில் ஆபத்து கூடுதல். மூன்று வருடம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். இந்த ஆபத்துக்குக் காலக்கெடு கிடையாது.

சரி, வலிக்கு என்ன வழி? பல வேளை பல்லைப் பிடுங்காமல் வேர்ச் சிகிச்சை (ரூட் கனால்) செய்யலாம். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால் வாய், முக அறுவை நிபுணர் செய்யட்டும். எவ்வளவு கதிர், எந்தப் பக்கம் என்ற விபரம் உள்ள சிகிச்சைக் கொப்பியைக் கட்டாயம் கொண்டு போங்கள். அது இல்லாமல் எந்தப் பல் வைத்தியராலும் சரியாக முடிவெடுக்க இயலாது.

கதிர் சிகிச்சையால் உமிழ்நீர் குறைந்த வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும். ஃபுளோரைட் பற்பசை அவசியம். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் அம்மா அடியோடு விடவேண்டும். ஊரில் எத்தனையோ வீடுகளில் அந்தத் தட்டம் கண்முன்னேயே இருக்கும். அதை எடுத்து ஒளித்து வையுங்கள்.

காய்ச்சல், கன்னத்தில் வீக்கம், சீழ் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.