தனியே சாப்பிடுவது – கடிதம்

வணக்கம் அம்மா,

என் அம்மாவுக்கு 74 வயது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா தனியாக இருக்கிறார். அதற்குள் 58 கிலோவிலிருந்து 52 கிலோவுக்கு வந்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. சமைக்க ஓர் ஆள் வைத்திருக்கிறேன், ஆனால் மாலையில் பார்த்தால் சாப்பாடு அப்படியே இருக்கிறது. கேட்டால் பசி இல்லை என்கிறார். தோழிகள் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். நாள் முழுக்கத் தொலைக்காட்சிதான், அதுவும் வாசல்வரை கேட்கும் சத்தத்தில். எந்தச் சத்துபானம் கொடுத்தால் எடை ஏறும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் எடை. 58-இல் 6 கிலோ என்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். முயற்சி செய்யாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே மருத்துவர்கள் காரணம் தேடுவார்கள். ஆகவே ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாதீர்கள். பல், விழுங்குவதில் சிரமம், வாய்ருசியைக் கெடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வையும் பார்க்க வேண்டும். துக்கம்தானே, தானாக ஆறிவிடும் என்று நாம் விட்டுவிடுவது சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கும்.

சித்தப்பா போனபிறகு என் சித்தி அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்திலிருந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். "எனக்கு ஒருத்திக்காக ஒரு தட்டைக் கழுவணுமா?" என்பார். அவருக்குப் பசி இல்லாமலில்லை. யாராவது வந்து உட்கார்ந்தால் தட்டு எடுத்துவைத்து இரண்டாம் முறையும் போட்டுக்கொள்வார்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜான் டி காஸ்ட்ரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் பலரை உணவு நாட்குறிப்பு எழுதவைத்தார். சேர்ந்து உண்ட வேளைகளில் அவர்கள் தனியே உண்டதைவிட 44 சதவீதம் கூடுதலாக உண்டிருந்தார்கள். பேச்சு நீளும்போது சாப்பாடும் நீள்கிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2017இல் முதியவர்களைக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து தனியே சாப்பிடச் சொன்னார்கள். தங்கள் முகமே எதிரே தெரிந்தபோது அவர்கள் அதிகம் உண்டார்கள், ருசியாக இருந்தது என்றும் சொன்னார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வயதானால் பசி இயல்பாகவே மட்டுப்படும், தசையும் கரையும். முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்வதே கணக்கு). அது கிடைக்காவிட்டால் தசை இன்னும் வேகமாகக் கரையும். நாற்காலியிலிருந்து எழவே யோசனை வரும். வெளியே போவது நிற்கும், மனிதர்கள் குறைவார்கள், சாப்பாடு இன்னும் சுருங்கும். 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை, 2010இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

சத்துபானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவர் சொன்னால் கொடுங்கள். ஆனால் அதையும் அவர் தனியாகத்தானே குடிக்கப்போகிறார்?

சமையலுக்கு ஆள் வைத்ததை மறுபடி யோசியுங்கள். அன்பினால்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடம் இன்னொருவருக்காகச் சமைத்தவரிடம் மிச்சமிருந்த அந்த வேலையும் போய்விட்டது. உடம்பு இடம்கொடுத்தால் வாரத்தில் இரண்டு நாளாவது அவரே சமைக்கட்டும், நீங்களோ பேரப்பிள்ளைகளோ ஒரு தோழியோ போய்ச் சாப்பிடுங்கள். மற்ற நாட்களில் அந்தச் சமையல்காரர் தட்டை மூடிவைத்துவிட்டுப் போகாமல் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும். தொலைபேசியில் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிக்காதீர்கள். காணொளி அழைப்பில் நீங்களும் தட்டோடு உட்காருங்கள்.

அந்தத் தொலைக்காட்சிச் சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாலு பேர் பேசும் இடத்தில் பாதி காதில் விழாமல், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை. பலர் அதை வெளியே சொல்லாமல் போக்குவரத்தையே நிறுத்திக்கொள்வார்கள். தோழிகள் வீட்டுக்குப் போகாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இந்த வாரமே அம்மாவின் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.